பழுப்புத் தாள் காத்த ஆணிகள்

1763ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுக் கடல்களில் பணி முடித்துத் திரும்பிய ‘அலார்ம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைத் துறையில் வைத்துச் சோதித்தார்கள். 32 பீரங்கி கொண்ட மரக்கப்பல் அது. 1761இல் அதன் அடிப்பாகம் முழுவதையும் மெல்லிய செம்புத் தகடுகளால் போர்த்தியிருந்தார்கள். வெப்பக் கடல்களில் கப்பற்புழு மரத்தைக் குடைந்து தின்றுவிடும். கொட்டலசும் பாசியும் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். இரண்டையும் செம்பு தடுக்குமா என்று பார்ப்பதற்கான சோதனை இது.

செம்பு தன் வேலையைச் செய்திருந்தது. தகடு இருந்த இடங்களில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் பல இடங்களில் தகடே இல்லை. அதைப் பிடித்து நிறுத்த அடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போனதால் தகடுகள் கழன்று கடலில் விழுந்திருந்தன. மிச்சமிருந்த ஆணிகளில் பலவும் கைபட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே சில ஆணிகள் மட்டும் கொல்லன் பட்டறையிலிருந்து அன்றுதான் வந்தவைபோல் உறுதியாக இருந்தன.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது ஒரு பழுப்புத் தாள். செம்புத் தகடுகள் தாளில் சுற்றப்பட்டு வந்திருந்தன. தகடு பதித்தவர்கள் சில இடங்களில் அந்தத் தாளை உரிக்காமலேயே ஆணி அடித்திருந்தார்கள். எங்கெல்லாம் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே தாள் நின்றதோ, அங்கெல்லாம் ஆணி பிழைத்தது. கடல்நீரில் செம்பையும் இரும்பையும் ஒன்றோடொன்று தொடவிடக்கூடாது என்ற முடிவு கடற்படைத் தலைமைக்குப் போனது. தவளைக் காலில் மின்சாரத்தைக் கண்ட கால்வானியின் நூல் வெளிவந்தது 1791இல். வோல்டா மின்கலத்தை உருவாக்கியது 1800இல். ஆகவே அந்தச் சோதனையாளர்களுக்குத் தாங்கள் கண்டது ஒரு மின்சுற்று என்பதை அறிய வழியே இல்லை. இருந்தும் அவர்கள் சொன்ன முடிவில் இன்றுவரை திருத்துவதற்கு எதுவுமில்லை.

அரிப்பு என்றதும் நாம் பொதுவாக ஆணியை மட்டும் பார்க்கிறோம். ஆணி இரும்பா, செம்பா, விலை என்ன, பூச்சு என்ன என்று கேட்கிறோம். மரப்படகில் ஆணி தனியாக இருப்பதில்லை. ஈரமரம், உப்புநீர், பக்கத்தில் உள்ள இன்னொரு உலோகம், அந்த உலோகத்தின் பரப்பளவு, நீரில் கரைந்த உயிர்வளி என எல்லாம் சேர்ந்துதான் அதன் ஆயுளை முடிவு செய்கின்றன. ஆணியைக் காப்பது என்பது அந்தச் சுற்றை ஏதோவோர் இடத்தில் அறுப்பது. எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதில் படகே பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது.

* * *

ஓர் உலோகத்தைக் கடல்நீரில் வைத்தால் அதன் அணுக்களில் சில, மின்னணுக்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, அயனிகளாக நீருக்குள் இறங்கப் பார்க்கும். இந்த நாட்டம் உலோகத்துக்கு உலோகம் மாறும். துத்தநாகத்துக்கு மிக அதிகம், இரும்புக்கு அதைவிடக் குறைவு, செம்புக்கு இன்னும் குறைவு. ஒரே ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தால், கடல்நீரில் துத்தநாகம் ஏறத்தாழ −1.0 வோல்ட், இரும்பு −0.6 வோல்ட் சுற்றுவட்டாரம், செம்பு −0.3 வோல்ட் அளவில் நிற்கும். இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டால் இடையிலுள்ள 0.3 வோல்ட் வேறுபாடு மின்னோட்டத்தைத் தள்ளும். இரும்பு கரையும், அது விட்டுச்செல்லும் மின்னணுக்கள் செம்புக்கு ஓடி, அதன் மேற்பரப்பில் நீரையும் நீரில் கரைந்த உயிர்வளியையும் சேர்த்து ஹைட்ராக்சைடு அயனிகளாக மாற்றும். செம்புக்கு ஒரு சேதமும் இல்லை. சுற்று முழுமையடைய நீர்வழியே அயனிகள் நகர வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது மிக எளிது.

0.3 வோல்ட் என்றால் டார்ச் விளக்கின் ஒரு பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. இது என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. நீளமும் 5 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட இரும்புப் படகாணி ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓர் ஆண்டு ஓடினால் சுமார் 9 கிராம் இரும்பைக் கரைக்கும். ஒரு மில்லிஆம்பியரைச் சின்னஞ்சிறு பொத்தான் விளக்குகூடப் பொருட்படுத்தாது. ஆனால் இரண்டே ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் ஆணி இருக்காது, துருக்கறை படிந்த ஒரு துளைதான் இருக்கும்.

இதில் பரப்பளவின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. சுற்றில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, செம்பின் மேற்பரப்புக்கு எவ்வளவு உயிர்வளி வந்து சேர்கிறது என்பதுதான். செம்பின் பரப்பு பெரிதானால் மின்னோட்டமும் பெரிது. அந்த மின்னோட்டம் முழுவதையும் இரும்பு கொடுக்க வேண்டும். பெரிய இரும்புப் பாளத்தில் ஒரு சிறு செம்பு ஆணி அடித்தால் பாளம் அதை உணரவே உணராது. பெரிய செம்புத் தகட்டில் சிறு இரும்பாணி அடித்தால் ஆணிக்கு அழிவு உறுதி. ‘அலார்ம்’ கப்பலில் இருந்தது இந்த இரண்டாவது வகை. அதைவிட மோசமான ஓர் அமைப்பை வேண்டுமென்றே திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இதே பாடம் ஒருமுறை கிடைத்திருந்தது. 1670களில் ஆங்கிலக் கடற்படை சில கப்பல்களுக்கு ஈயத் தகடு போர்த்தியது. அந்தக் கப்பல்களில் சுக்கானைத் தாங்கும் இரும்புக் கொண்டிகள் வழக்கத்தைவிட வேகமாக அரித்துப்போனதாகப் புகார்கள் வந்தன. ஈயம் இரும்பைத் தின்கிறதா, இரும்பே மட்டமானதா என்று சண்டை நடந்தது. காரணம் தெளிவாகாமல் முயற்சி கைவிடப்பட்டது. ஒரு பழுப்புத் தாள் அப்போது யாருக்கும் கிடைக்கவில்லை.

* * *

இந்தச் சிக்கலிலிருந்து முழுவதும் தப்பித்த கப்பல்களும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் பழைய மரக்கலங்கள் பலவற்றில் ஆணியே கிடையாது. பலகையின் ஓரங்களில் துளையிட்டு, கயிற்றுநாரால் பலகையோடு பலகையைத் தைத்துக் கட்டினார்கள். ஆறாம் நூற்றாண்டில் புரொகோபியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் இந்தக் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கடலுக்குள் காந்தப் பாறைகள் இருப்பதால்தான் இரும்பை விலக்குகிறார்கள் என்று மக்கள் நம்புவதைக் குறிப்பிட்டு, அது தவறு என்கிறார்: இரும்பு நிறைந்த ரோமானியக் கப்பல்கள் அதே கடலில் போய்வருகின்றன, அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லையே என்பது அவர் வாதம். ஆனாலும் கதை அழியவில்லை. போஜராஜன் பெயரில் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ என்ற சமஸ்கிருத நூலும், கடலோடும் கலத்தின் அடிப்பலகைகளை இரும்பால் இணைக்கக் கூடாது, காந்தம் இழுத்துவிடும் என்று எச்சரிக்கிறது. காரணம் பொய். ஆனால் கீழ்ப்பலகைக்கு இரும்பு ஆகாது என்ற அறிவுரையைப் பொறுத்தவரை, ஆணி துருப்பிடித்து நீர் ஒழுகும் கலத்தைப் பார்த்த எவரும் அதோடு சண்டைபோட மாட்டார்கள்.

சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளும் இப்படித் தைக்கப்பட்டவையே. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை அவை. அலை கரையில் தூக்கிப் போடும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும்; தைத்த படகு வளைந்துகொடுக்கும். அவற்றில் ஆணி இல்லாததற்கு முதல் காரணம் அதுதான், துரு இரண்டாவது. கயிறு துருப்பிடிக்காது என்றாலும் மட்கும். தையலைப் பிரித்து மறுபடி தைக்கும் வேலை ஓயாது. பின்னாளில் தூத்துக்குடித் தோணியும் பேப்பூர் உருவும் போன்ற பெரிய சரக்குக் கலங்களை இரும்பாணியால் இணைத்தபோது, துருவும் அவற்றோடு சேர்ந்தே வந்தது.

* * *

பக்கத்தில் செம்பே இல்லாவிட்டாலும் இரும்பாணி மரத்துக்குள் தனக்குத்தானே ஒரு மின்கலமாகிவிடும். ஆணியின் தலை பலகைக்கு வெளியே நீரையும் காற்றையும் தொடுகிறது. உடல் ஈரமரத்துக்குள் உயிர்வளி இல்லாமல் அடைபட்டிருக்கிறது. உயிர்வளி தாராளமாகக் கிடைக்கும் தலை செம்பின் பாத்திரத்தை ஏற்க, உள்ளே இருக்கும் உடல் கரையத் தொடங்கும். ஆகவே வெளியே தலையைப் பார்த்துவிட்டு ஆணி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தலை முழுதாக இருக்கும், பலகைகள் சந்திக்கும் இடத்தில் உடல் கம்பியாக மெலிந்திருக்கும். பழைய படகை வாங்கப் போகும் அனுபவமுள்ளவர், நீர்மட்டத்துக்குக் கீழே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ஆணிகளைப் பிடுங்கிப் பார்க்காமல் விலை பேசமாட்டார்.

ஆணி கெடும்போது மரமும் சேர்ந்து கெடுகிறது. கரையும் இரும்பைச் சுற்றி அமிலத்தன்மை கூடும். இரும்பு அயனிகள், உயிர்வளியின் துணையோடு, மரத்துக்கு வலுவூட்டும் செல்லுலோசை உடைக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பலகையை உள்ளிருந்தே நெருக்கிப் பிளக்கும். கடைசியில் ஆணியைச் சுற்றி ஒரு வளையமாக மரம் கறுத்து, மிருதுவாகி, பிடிமானத்தை இழக்கிறது. அங்கே எத்தனை தடித்த ஆணியை அடித்தாலும் நிற்காது.

மரத்துக்கு மரம் இதில் வேறுபாடு உண்டு. ஓக் மரத்தில் அசிட்டிக் அமிலமும் டானினும் மிகுதி. டானினும் இரும்புச் சத்தும் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியல்தான். ஓக்கில் அடித்த இரும்பாணியைச் சுற்றிப் படரும் கருமை, ஆணி கரைந்துகொண்டிருப்பதை மரமே எழுதிக்காட்டும் மை. தேக்கு இந்த வகையில் சாது. அமிலம் குறைவு, எண்ணெய்ப்பசை உண்டு. இந்தியாவின் மேற்குக் கரையில் கட்டிய தேக்குக் கப்பல்கள் ஐரோப்பிய ஓக் கப்பல்களைவிட நீண்டநாள் உழைத்ததற்கு அந்த மரத்தின் உறுதியோடு, இரும்பை அது துன்புறுத்தாததும் ஒரு காரணம்.

இரும்பு மரத்தை எவ்வளவு காலம் கழித்தும் துரத்தும் என்பதற்கு ‘வாசா’வைவிடச் சிறந்த சான்று இல்லை. 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணத்திலேயே மூழ்கிய ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பல் அது. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், ஏறக்குறைய முழுதாக வெளியே எடுத்தார்கள். மரம் பிழைத்திருந்தது, அதைப் பிணைத்த இரும்புப் போல்ட்டுகள் நீருக்கடியிலேயே அரித்துப்போயிருந்தன. புதிதாக 5,000க்கும் மேற்பட்ட எஃகுப் போல்ட்டுகளைப் பொருத்தினார்கள். அவையும் துருப்பிடித்தன. அதைவிடக் கொடுமை 2000ஆம் ஆண்டின் மழை மிகுந்த கோடையில் தெரிந்தது: மரத்தின் மேல் உப்புப் படிவுகள் பூத்தன, அவற்றைச் சோதித்தபோது கடும் அமிலத்தன்மை இருந்தது. துறைமுகச் சேற்றில் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய கந்தகச் சேர்மங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மரத்தில் ஊறியிருந்தன. காற்றுபட்டதும் அவை கந்தக அமிலமாக மாறத் தொடங்கின. அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது மரத்தில் பரவியிருந்த இரும்பு. 2011 முதல் 2018 வரை உழைத்து, அத்தனை போல்ட்டுகளையும் உயர்கலவைத் துருவேறா எஃகுக்கு மாற்றினார்கள். அருங்காட்சியகத்தில், உலர்ந்த தரையில் நிற்கும் ஒரு கப்பலுக்கே இந்த நிலை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் ஏழாம் நூற்றாண்டு அடக்கக் குழியைத் தோண்டியபோது, சுமார் 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று கிடைத்தது. மரத்தில் ஒரு சிராய்கூட மிஞ்சவில்லை, அமில மணல் அனைத்தையும் கரைத்துவிட்டது. மிஞ்சியது வரிசை வரிசையாக மணலில் நின்ற துருப்பிடித்த ஆணிகள். அந்த வரிசைகளை வைத்துத்தான் கப்பலின் ஒவ்வொரு பலகையும் எங்கே இருந்தது என்று அறிந்தார்கள்.

* * *

‘அலார்ம்’ சொன்ன பாடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை பாதிதான் கேட்டது. 1779 முதல் கப்பல்களுக்கு வேகவேகமாகச் செம்பு போர்த்தினார்கள். அடியில் உள்ள இரும்புப் போல்ட்டுகள் செம்பைத் தொடாமலிருக்க, தார் பூசிய தாளை இடையே வைத்தார்கள். ஆனால் ஒரு தாள் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் ஆண்டுக்கணக்கில் நீர்புகாமல் பிரித்துவைக்காது. எங்கோ கசியும், கசிந்த இடத்தில் சுற்று முழுமையடையும், தகடு மறைத்திருப்பதால் உள்ளே நடப்பது தெரியாது. 1780களின் தொடக்கத்தில் பெரிய கப்பல்கள் புயல்களில் மூழ்கியபோது, உள்ளே கரைந்த போல்ட்டுகள் மீது சந்தேகம் விழுந்தது. கடைசியில் வேறு வழியின்றி, இரும்பையே வெளியேற்றினார்கள். செம்பு மிருதுவானது, நீண்ட துளைக்குள் அடித்தால் வளைந்துவிடும். குளிர்நிலையில் உருட்டி இழுத்துக் கடினமாக்கிய செம்புப் போல்ட்டைச் செய்யக் கற்றபிறகுதான் அது சாத்தியமாயிற்று. அமெரிக்காவின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ கப்பலுக்குச் செம்புப் போல்ட்டுகளைச் செய்துகொடுத்தவர் பாஸ்டன் நகர வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர். அந்தக் கப்பல் இன்னும் மிதக்கிறது.

ஆணி செம்பு, தகடும் செம்பு என்றானபின் மின்வேறுபாடு ஒழிந்தது. ஆனால் செம்பும் கடலில் மெல்ல மெல்லக் கரைந்தது. தகடுகளை அடிக்கடி மாற்றும் செலவு தாங்காமல், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியிடம் கடற்படை போனது. 1824இல் அவர் சொன்ன தீர்வு அறிவியல் வரலாற்றின் அழகான சிந்தனைகளில் ஒன்று என்பேன். செம்போடு தொடும் இரும்பு கரையும்போது செம்பு கரைவதில்லை என்றால், வேண்டுமென்றே ஒரு சிறு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ செம்பில் பதித்துவிட்டால் போதும். அது தேய்ந்து செம்பைக் காக்கும். அறுபதாண்டுகளாகச் சாபமாக இருந்த ஒரு நிகழ்வை அவர் கருவியாகத் திருப்பினார்.

கொச்சியில் தேக்கால் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய ‘சமராங்’ என்ற கப்பலில் செம்புப் பரப்பின் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு பரப்புள்ள இரும்புத் துண்டுகளை முன்னும் பின்னும் பதித்து, நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். டேவி சொன்னபடியே செம்பு காக்கப்பட்டது. ஆனால் இம்முறையில் காத்த கப்பல்களின் அடியில் கொட்டலசும் களையும் படரத் தொடங்கின. புழு பூச்சிகளை விரட்டியது செம்பின் உலோகப் பளபளப்பு அன்று, அதிலிருந்து கரைந்து வெளியேறிய செம்பு அயனிகளின் நஞ்சு. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றுபோயிற்று. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை விரைவில் டேவியின் காப்புத் துண்டுகளைக் கைவிட்டது. பத்திரிகைகளின் கேலிக்கு ஆளான டேவி 1829இல் காலமானார். அவர் கண்ட முறைதான் இன்று உலகின் எஃகுக் கப்பல்களையும் கடலடிக் குழாய்களையும் காக்கிறது.

* * *

டேவியின் முறையை எஃகுக் கப்பலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மரப்படகுக்கு எடுத்துக்கொள்ளும்போது ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். விற்பனைக்கு வரும் துத்தநாகக் கட்டிகளின் மீது இந்த எச்சரிக்கை அச்சிடப்படுவதில்லை.

காக்கப்படும் உலோகத்தின் மேல் ஹைட்ராக்சைடு உண்டாகிறது என்று பார்த்தோம். எஃகுக் கப்பலில் அது கடலோடு கலந்து போய்விடும். மரப்படகிலோ, வெண்கலப் போல்ட் பலகைக்குள் புதைந்திருக்கிறது. அங்கே உண்டாகும் காரம் வெளியேற வழியில்லை. கடல்நீரின் சோடியத்தோடு சேர்ந்து சோடியம் ஹைட்ராக்சைடாகச் செறிகிறது. காகித ஆலையில் மரத்துண்டுகளைக் கூழாக்க எதைக் கொண்டு வேகவைக்கிறார்களோ, அதே பொருள். அது மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைக் கரைத்து, நாரை நாராகப் பிரிக்கிறது. படகின் உட்புறத்தில் போல்ட்டைச் சுற்றி வெண்ணிறப் பொடி பூத்திருந்தால், நகத்தால் கீறியதும் மரம் இழை இழையாக வந்தால், அது பூஞ்சைக் கேடு அன்று; காப்பு மிகையானதன் விளைவு. போல்ட் பளபளவென்று இருக்கும். அதைப் பிடித்திருக்க வேண்டிய மரம் போயிருக்கும்.

இப்படிக் கெட்ட படகுகளில் பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நீர்க்குழாய் வால்வு, சுழலி அச்சு, சுக்கான் கொண்டி என்று படகின் எல்லா உலோகத்தையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, அந்தத் தொகுப்பைப் பெரிய துத்தநாகக் கட்டியோடு சேர்த்திருப்பார்கள். இழைக்கண்ணாடிப் படகில் இது ஓரளவு பயன்படும். மரப்படகில், தானாகவே கடல்நீரைத் தாங்கக்கூடிய நல்ல வெண்கல உறுப்பை இப்படிக் கம்பியில் இணைப்பது, நோயில்லாதவருக்கு மருந்தை ஏற்றுவதற்குச் சமம். தனித்திருக்கும் வெண்கலத்தைத் தனித்தே விட்டுவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அச்சு எஃகாகவும் சுழலி வெண்கலமாகவும் இருக்கும் இடத்தில் மட்டும், அந்த அச்சின் மேலேயே சிறு துத்தநாக வளையம் போடலாம். எவ்வளவு போதும் என்பதை ஊகிக்கவும் வேண்டியதில்லை. வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு முனையைப் படகின் பக்கத்தில் நீரில் தொங்கவிட்டு, சாதாரண மல்ட்டிமீட்டரால் உலோகத்தின் மின்னழுத்தத்தை அளக்கலாம். துத்தநாகம் இல்லாதபோது காட்டும் அளவிலிருந்து சுமார் 200 மில்லிவோல்ட் இறங்கினால் உலோகம் காப்பில் இருக்கிறது. அதற்கு மேல் இறக்குவது மரத்துக்குக் கேடு.

இன்னொரு வகை மின்சாரமும் உண்டு, அது மிகக் கொடியது. படகின் அடிக்குழியில் கிடக்கும் பம்பின் கம்பி உரிந்து, பேட்டரியின் 12 வோல்ட் நேராக ஈரமரத்திலும் உலோகத்திலும் கசிந்தால், மின்னோட்டம் மில்லிஆம்பியரில் நிற்காது. ஓர் ஆம்பியர் ஒரு நாளில் 25 கிராம் இரும்பைக் கரைக்கும். நாம் மேலே கணக்கிட்ட ஆணியில் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல். அடிக்குழியில் கம்பி இணைப்பு வைக்காமல் உயரத்தில் வைப்பது, எந்தப் பூச்சையும்விட அதிக ஆணிகளைக் காப்பாற்றும்.

* * *

ஆணியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் சில விஷயங்கள் தெளிவாகவே தெரியும். பித்தளைத் திருகாணியை நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தவே கூடாது. பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் தனியே கரைந்து வெளியேறிவிடும். எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் நுண்துளைகள் நிறைந்த செம்பு. உருவம் மாறாது, மரையும் அப்படியே இருக்கும். திருப்புளி வைத்துத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும். மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்கப்படுவதும் துத்தநாகம் மிகுந்த ஒருவகைப் பித்தளையே; வாங்குபவர் கலவை விகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஏறத்தாழ 96 விழுக்காடு செம்பும் 3 விழுக்காடு சிலிக்கனும் கொண்ட சிலிக்கன் வெண்கலத்தில் இந்தக் குறை இல்லை. விலை அதிகம், ஆனால் பலகையைவிட நீண்டநாள் நிற்கும்.

துருவேறா எஃகு பலரையும் ஏமாற்றுகிறது. அதைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம். கீறல் விழுந்தால் அந்தப் படலம் மறுபடி வளர உயிர்வளி வேண்டும். மேல்தளத்தில் காற்றுபட நிற்கும் வரை அது ஒளிர்கிறது. ஈரமரத்துக்குள் உயிர்வளியும் இல்லாமல், குளோரைடும் சூழ்ந்தால், படலம் கிழிந்த இடத்தில் குழிவிழுந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியில் தெரியும் தலையில் ஒரு கறைகூட இருக்காது.

எளிய படகுகளுக்கு இன்றும் பொருத்தமானது துத்தநாகம் பூசிய இரும்பாணி. 1837இல் பிரான்ஸில் சொரேல் காப்புரிமை பெற்ற, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறை டேவியின் சிந்தனையை ஒவ்வோர் ஆணிக்கும் தனித்தனியே பொருத்திவிட்டது. சுத்தியலடியில் பூச்சு உரிந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து அந்த இடத்தைக் காக்கும். ஆனால் கடையில் மின்முலாம் பூசிப் பளபளப்பாக விற்கும் ஆணியில் துத்தநாகம் சில மைக்ரான் தடிமன்தான். முக்கியெடுத்ததில் அதைப்போல் பல மடங்கு. சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில், அழகில்லாமல் இருப்பதைத்தான் படகு கட்டும் ஓடாவிகள் தேட வேண்டும்.

அடிக்கும் முறையிலும் அதே கொள்கைதான். ஆணித் தலையைப் பலகைக்குள் அமிழ்த்தி, அதன்மேல் மரக்குமிழ் அடித்தோ மக்குப் பூசியோ மூடினால், தலைக்கு வரும் உயிர்வளி குறையும், சுற்றின் வேகமும் குறையும். அரபுக் கடல்வழிகளில் ஓடிய மரக்கலங்களைக் கட்டியவர்கள் ஆணித் தலைக்குக் கீழே எண்ணெயில் தோய்த்த நாரைச் சுற்றி அடித்தார்கள். நீர் கசியாமலிருக்க அப்படிச் செய்தார்கள். நீர் புகாத இடத்தில், அயனிகளைக் கடத்தும் மின்பகுளியும் புகாது. துளைக்குள் கீலோ கொழுப்போ தடவுவது, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றை ஆண்டுதோறும் புதுப்பிப்பது, மேல்தளத்தில் மழைநீர் ஒழுகாமல் பார்ப்பது எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதில் அயனிகள் நகர்வது மிகவும் குறைந்துவிடும். காய்ந்த பலகையில் அடித்த மட்டமான ஆணி, ஊறிய பலகையில் அடித்த உயர்ந்த ஆணியைவிட நீண்டநாள் வாழும்.

பழைய படகுக்கு மறுபடி ஆணி அடிக்கும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. இரும்பாணிப் படகு தளர்ந்துவிட்டது, இந்த முறை நல்ல உலோகமாகப் போடுவோம் என்று உரிமையாளர் வெண்கலத் திருகாணிகளை வாங்கி வருவார். பழைய இரும்பாணிகளைப் பிடுங்கினால் பலகை பிளக்கும் என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு விரற்கடை தள்ளி வெண்கலத்தைத் திருகுவார்கள். இரண்டும் பலகையைத் தாங்கும் ஒரே ஈர விலாச்சட்டத்தில், அதாவது வங்கில், இறங்கும். தட்டுத்தடுமாறியாவது இன்னும் பத்தாண்டு நின்றிருக்கக்கூடிய இரும்பு, இப்போது வெண்கலத்துக்குப் பக்கத்தில் வேகமாகக் கரையத் தொடங்கும். கரையும்போது வங்கின் மரத்தையும் கெடுக்கும். புதிய திருகாணி அந்த மரத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரும்பாணிப் படகுக்கு மறுபடி முக்கியெடுத்த இரும்பாணியே சரி. பழைய துளையிலிருந்து ஆணியின் எச்சத்தை உறிஞ்சுகுழல் போன்ற உள்ளீடற்ற ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து, கறுத்த மரத்தோடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். நல்ல மரம் தென்படும்வரை துளையைப் பெரிதாக்கி, அதே மரவகையில் கடைந்த குச்சியைப் பசையிட்டு அடித்து அடைக்க வேண்டும். புதிய ஆணியை அந்த அடைப்பில் அடிக்காமல், கெடாத இடம் பார்த்து, வேறு நார்வரிசையில் அடிக்க வேண்டும். ஒரு படகுக்கு இப்படி ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கும். படகின் அடிமரமான ஏராவின் அருகிலுள்ள பலகை வரிசையில்தான் நீர் எப்போதும் தேங்கும். வேலையை அங்கிருந்து தொடங்குவார்கள்.